சேவ் பண்ணிட்டேன் சார், எங்கேன்னுதான் தெரியல

என் காலை வகுப்புக்கு வருகிறவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் 21, 22 வயதுக்காரர்கள்; முதல் வேலையில் சேர்ந்த கையோடு நிறுவனம் அனுப்பி வைத்தவர்கள். அறை ஒன்றுதான், கணினிகளும் அவையேதான். 20 வருடங்களுக்கு மேலாகக் கணினிப் பயிற்சியாளராக இருக்கிறேன். ‘இளையவர்களுக்குக் கணினி தானாக வரும், பெரியவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என்றுதான் நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வகுப்புகளையும் ஒரே நாளில் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு தவறு என்று புரிந்தது. அந்தத் தவறால் இரண்டு தலைமுறையுமே நஷ்டப்படுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாலை வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஒரு பெண், வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். மேலாளர் மின்னஞ்சலில் ஒரு ஜிப் ஃபைல், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி, அனுப்பியிருந்தார். அதைத் திறந்து, உள்ளே இருந்த வேர்ட் ஃபைலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஓர் அறிக்கையைத் தயார் செய்தார். முடித்து மூடினார். சற்று நேரம் கழித்து அனுப்பலாம் என்று தேடினால் ஃபைலைக் காணோம். முகம் வெளிறிப்போய் என்னிடம் வந்து நின்றார்.

“சேவ் பண்ணிட்டேன் சார். ஆனா எங்கேன்னுதான் தெரியல.”

“எதுல சேவ் பண்ணினீங்க?”

“வேர்டுல.”

“வேர்டுல சரிம்மா. எந்த ஃபோல்டர்ல?”

பதில் இல்லை. கேள்வியே புரியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ‘வேர்டுல’ என்பது அவரைப் பொறுத்தவரை முழுமையான பதில். படங்கள் கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டுச் செயலியில் இருக்கும், செய்தி வாட்ஸ்அப்பில் இருக்கும். அப்படியென்றால் வேர்ட் ஃபைல் வேர்டில்தானே இருக்க வேண்டும்? அவர் வளர்ந்த கருவியில் அது சரியான தர்க்கம்.

நடந்தது இதுதான். ஜிப் ஃபைலை விரிக்காமல் அப்படியே உள்ளே போய் ஒரு ஃபைலைத் திறந்தால், விண்டோஸ் அதன் நகல் ஒன்றை ஒரு தற்காலிக ஃபோல்டரில் எடுத்து வைத்து, அந்த நகலைத்தான் திறந்து காட்டும். படிக்க மட்டுமே அனுமதி உள்ள நகல் அது. சேவ் கொடுத்ததும் வேர்ட் வேறு பெயர் கேட்டிருக்கிறது. அவர் பெயரின் கடைசியில் ஒரு 1 சேர்த்து, பெட்டியில் எந்த இடம் காட்டியதோ அந்த இடத்திலேயே ‘சேவ்’ அழுத்திவிட்டார். அதாவது இரண்டு மணி நேர உழைப்பு, கணினி தன் வசதிக்கு வைத்திருக்கும் தற்காலிக ஃபோல்டருக்குள் போய்விட்டது. கண்ட நேரத்தில் துடைத்துப் போடப்படுகிற இடம் அது. வேர்டின் ‘ரீசன்ட்’ பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அதன் மேல் சுட்டியை வைத்ததும் முழு முகவரியும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் மீட்டோம். நல்ல நேரம், இன்னும் துடைக்கப்படவில்லை.

மீட்டதும் அவர் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. “ஃபோல்டர்னா என்ன சார், ஒரு செயலியா?”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். அவர் மூளைக்குறைவானவர் இல்லை. வகுப்பிலேயே வேகமாகப் புரிந்துகொள்கிறவர். 2007-இல் முதல் ஐஃபோன் வந்தபோது, ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க அதில் ஒரு வழியும் வைக்கப்படவில்லை. அப்படிப் பார்ப்பதற்கான ‘ஃபைல்ஸ்’ செயலியே 2017-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 2004-இல் ஜிமெயில் வந்தபோது அதன் பெருமையே ‘அடுக்கி வைக்காதே, தேடிக்கொள்’ என்பதுதான். கூகுள் டாக்ஸ் வந்ததும் ‘சேவ்’ என்ற பொத்தானே தேவைப்படாமல் போயிற்று. இதெல்லாம் நல்ல மனதோடு செய்த வசதிகள். ஆனால் 2003-இல் பிறந்த ஒருவர் இருபது வருடம் இந்தக் கருவிகளோடே வாழ்ந்து, ஃபோல்டர் என்ற ஒன்றைத் தொடாமலே வேலைக்கு வந்து சேர முடியும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்கு வந்த அன்று, ‘அந்த ஷேர்டு டிரைவில் (அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பிடம்) போன வருடத்து ஃபோல்டரில் இருக்கும், எடுத்துக்கோ’ என்று ஒரு மேலாளர் சொல்வார். எப்படி என்று சொல்லிக்கொடுக்க மாட்டார். இந்தக் காலத்துப் பிள்ளை, தெரிந்திருக்கும் என்று நினைப்பார்.

காலை வகுப்பில் நிலைமை நேர் எதிர்.

ஒரு பெரியவர் வருகிறார், 71 வயது. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். கையில் எப்போதும் கோடு போட்ட ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘1. மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது படம். நீல நிறம். ஒரு தடவை தட்டவும். 2. வெள்ளைப் பெட்டி வரும். காத்திருக்கவும். 3. பச்சை எழுத்தைத் தட்டவும். சிவப்பைத் தட்டக் கூடாது.’ முத்து முத்தான கையெழுத்து. சிவப்பு என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.

ஒரு நாள் இரவு அவர் கைபேசியில் அந்தச் செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மூன்றாவது படம் மூன்றாவது இடத்தில் இல்லை, நிறமும் மாறிவிட்டது. காலையில் எடுத்துப் பார்த்தவர், தான் ஏதோ கெடுத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார். மூன்று நாள் கைபேசியை யாரிடமும் காட்டவில்லை, தொடவும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, குரலைத் தாழ்த்தி, “தம்பி, நான் எதையோ உடைச்சிட்டேன் போல” என்றார்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, உங்களைக் கேட்காமல் அவர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் விட்ட மூச்சை நான் கேட்டேன்.

இந்தப் பயத்தைப் பல வீடுகளில் ‘வயசாயிடுச்சு, புரியல’ என்று பெயர் வைத்து முடித்துவிடுகிறார்கள். பயத்துக்கு வேறு வேர் உண்டு. அவர் வேலை பார்த்த காலத்தில் கணினி என்பது விலை உயர்ந்த பொது உடைமை. தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. தப்பான ஒரு கட்டளை ஒரு நாள் வேலையை அழித்துவிடும். திரும்பப் பெற வழி இருக்காது. 1990-களின் விண்டோஸில், ஏதாவது மென்பொருள் தடுமாறினால் ‘இந்த நிரல் சட்டவிரோதச் செயல் ஒன்றைச் செய்துவிட்டது, மூடப்படும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அதைப் படித்துவிட்டு வேர்த்துப்போனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் கற்ற எச்சரிக்கை நியாயமான எச்சரிக்கை. காலம் மாறிவிட்டது, கன்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசியாகச் செய்தது ரத்தாகி, முன்பிருந்தது திரும்ப வந்துவிடும் என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே பெரியவருக்கு ஃபோல்டரைச் சொல்லிக்கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “அலமாரி, அதுக்குள்ள தட்டு, தட்டுல கோப்பு, கோப்புக்குள்ள தாள்” என்றேன். “அட, நம்ம ரெக்கார்டு ரூம்தானே!” என்றார். முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வகுப்பு ஆயிற்று. காரணம் எளிது. கணினித் திரையை ஓர் அலுவலக மேசை போல வடிவமைத்து, கோப்பு, ஃபோல்டர் என்று படம் போட்டவர்கள் 1970-களில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். 1981-இல் அவர்கள் வெளியிட்ட ‘ஸ்டார்’ கணினியில் அது முழு உருவம் பெற்றது. அன்றைய அலுவலக ஊழியருக்குக் கண்ணால் பார்த்துப் பழகிய பொருள்களாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆக, கணினித் திரை உண்மையில் என் காலை வகுப்புக்காரர்களின் உலகத்தை வைத்து வரையப்பட்ட படம். இரும்பு அலமாரியையே பார்த்திராத பிள்ளைக்குத்தான் அது அந்நியம். சேவ் பொத்தானில் இருக்கும் சதுரப் படம் என்ன என்று மாலை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 1.44 எம்பி பிடிக்கும் ஃபிளாப்பி, அந்தக் காலத்துச் சேமிப்புத் தட்டு என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

‘பிறவியிலேயே தெரியும்’ என்ற நம்பிக்கை

2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். கணினியோடு வளர்ந்த பிள்ளைகளை ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்றும், பிறகு வந்து கற்றவர்களை ‘டிஜிட்டல் குடியேறிகள்’ என்றும் பிரித்தார். கேட்கப் பொருத்தமாக இருந்ததால் பள்ளி, அலுவலகம், வீடு என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. தாய்மொழி போலத் தானாக வந்துவிடும் என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லையே. எத்தனையோ இடங்களில் அடிப்படைக் கணினிப் பாடம் ‘பிள்ளைகளுக்குத்தான் தெரியுமே’ என்று ஓரம் கட்டப்பட்டதை என் தொழிலில் கண்ணால் பார்த்தேன்.

சோதித்துப் பார்த்தவர்கள் சொன்ன விடை வேறு. எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கணினியிலேயே உட்கார வைத்து, தகவலைத் தேடு, அது நம்பத்தக்கதா என்று பார், அதை வைத்து ஒன்றை உருவாக்கு என்று சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது, ‘ஐசில்ஸ்’ என்பார்கள். பல நாடுகளில் நடந்த 2018-ஆம் ஆண்டுச் சுற்றில் மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காடுதான். கையில் கருவியைக் கொடுத்தால் மட்டும் திறன் வந்துவிடாது என்பதை அந்த ஆய்வு வெளிப்படையாகவே சொன்னது.

வயது வந்தவர்கள் பக்கமும் ரொம்பப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களிடம் ஓஈசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2010-களில் 33 நாடுகளில் நடத்திய திறன் ஆய்வில், பல படிகள் கொண்ட ஒரு வேலையைக் கணினியில் தானாக யோசித்து முடிக்கும் உச்ச நிலையில் இருந்தவர்கள் 20 பேருக்கு ஒருவர். இந்த இரண்டும் வேறு வேறு சோதனைகள், ஒன்றோடு ஒன்றை எடை போட முடியாது. ஆனாலும் இரண்டையும் படித்தபோது என் வகுப்பறையைத்தான் நினைத்துக்கொண்டேன். எல்லா வயதிலும் பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பழகிய நான்கைந்து வேலைகளுக்குள்ளேயே நிற்கிறார்கள். அந்த நான்கைந்து எவை என்பதுதான் வயதுக்கு வயது மாறுகிறது.

நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது, என் தலைமுறை. எங்களுக்குக் கணினி தெரிந்ததாகப் பேர். எப்படித் தெரிந்தது? அது அடிக்கடி பழுதானதால் தெரிந்தது. விண்டோஸுக்கு முன்பு இருந்த டாஸில் எல்லாவற்றையும் கட்டளையாக அடிக்க வேண்டும்; ஒரு எழுத்து தப்பாக அடித்தால் நகராது. அச்சுப்பொறி வேலை செய்ய டிரைவர் என்ற மென்பொருளைத் தேடிப் போட வேண்டும். மாதம் ஒரு முறை ஃபார்மட் செய்து, அதாவது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, விண்டோஸை மறுபடி ஏற்றி, ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பெட்டியை ஓட்டவே முடியாது. இன்றைய கருவி பழுதாவதே அபூர்வம். பழுதானால் திறக்கவும் விடாது. அப்படியிருக்க, நாங்கள் கற்றது போல அவர்களும் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

‘தெரியும்’ என்பது சில நேரம் ஆபத்து. போன வருடம் காலை வகுப்பில் ஓர் அம்மா அழுதுகொண்டே வந்தார். கைபேசியில் இடம் இல்லை என்று பேரனிடம் கொடுத்திருக்கிறார். பேரன் இரண்டே நிமிடத்தில், “எல்லாம் கிளவுடுல இருக்கு பாட்டி” என்று சொல்லிப் படங்களை எல்லாம் அழித்துவிட்டான். கிளவுட் என்பது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம். அதோடு இணைத்து வைத்திருக்கும் படத்தைக் கைபேசியில் அழித்தால் கிளவுடிலும் அழியும். ஒன்றில் செய்வது மற்றதிலும் நடப்பதற்குப் பெயர்தான் ஒத்திசைவு. அது காப்பு நகல் ஆகாது. இந்த வேறுபாட்டை அந்தப் பையனுக்கு யாரும் சொன்னதில்லை. அவன் கை அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்த்துத் தெரிந்துதான் செய்கிறான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா என்னிடம் வந்தது படங்கள் அழிந்த மூன்றாவது வாரம். அழித்த படங்கள் ஐஃபோனில் 30 நாள் ‘சமீபத்தில் அழித்தவை’ என்ற இடத்தில் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் காப்பு எடுத்திருந்தால் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும். எல்லாப் படமும் கிடைத்தன. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் இன்றைக்கே அந்தத் தொட்டியைத் திறந்து பாருங்கள். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இடம் பிடிக்கும் படங்களைக் கைபேசியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமென்றால் கூகுள் ஃபோட்டோஸில் அதற்கென்றே ‘இடத்தைக் காலியாக்கு’ என்று தனி வசதி இருக்கிறது. அதைத்தான் அழுத்த வேண்டும்.

கையும் கண்ணும்

பெரியவர்கள் மெதுவாகச் செய்வதற்குப் புத்தியைக் குறை சொல்வதற்கு முன், உடம்பைப் பாருங்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

விண்டோஸில் இரட்டைச் சொடுக்குக்கு அரை நொடிதான் அவகாசம். இயல்பாக 500 மில்லிநொடி. இரண்டாவது சொடுக்கு அதற்குள் விழவில்லை என்றால் அது இரட்டைச் சொடுக்கே இல்லை. விரல் மூட்டு இறுகியவருக்கு அந்த அரை நொடி போதாது. இரண்டு சொடுக்குக்கும் நடுவில் சுட்டி கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஐகான் இழுபட்டு வேறிடம் போய்விடும். ஓர் அம்மா இரண்டு மாதம் ‘எனக்கு இது வராது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மௌஸ் அமைப்பில் போய் அந்த வேகத்தைக் குறைத்து வைத்தேன். ஒரு தடவை சொடுக்கிவிட்டு என்டர் அழுத்தினாலும் ஃபைல் திறக்கும் என்றும் காட்டினேன். அன்றிலிருந்து அந்த அம்மாதான் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார். இரண்டு மாதம் அவர் தன்னையே மட்டம் தட்டிக்கொண்டது ஓர் அமைப்பை மாற்றாததால்.

தொடுதிரையும் அப்படித்தான். விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் திரை தொடுதலை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் வறண்டுபோகும். வறண்ட விரலைத் திரை சரியாக உணராது. உணரவில்லையே என்று அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்திப் பிடித்தால் திரை அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு வேறு பெட்டியைத் திறக்கும். உடனே பயம். மேல்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி கிட்டத்துக்குமான கண்ணாடி போட்டவர்கள் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கி உட்காருவதைக் கவனித்திருக்கிறீர்களா? பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், எழுந்து போய்விடுவார்கள். திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வரவில்லை என்றால் அப்போது பேசலாம்.

இளையவர்களுக்கும் கை சார்ந்த சிக்கல் உண்டு, யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டைவிரலால் அவர்கள் தட்டுகிற வேகம் பிரமிக்க வைக்கும். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் 37,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் 40-களில் இருப்பவர்களைவிட நிமிடத்துக்கு 10 சொல் அதிகமாகக் கைபேசியில் அடித்தார்கள். ஆனால் என் வகுப்பில் இதே பிள்ளைகளைக் கணினியின் விசைப்பலகை முன் உட்கார வைத்தால் இரண்டு ஆள்காட்டி விரலில் தேடித் தேடி அடிக்கிறார்கள். மூன்று பக்க அறிக்கை எழுத வேண்டிய வேலையில் இது பெரிய சுமை. சிலர் அறிக்கையைக் கைபேசியில் அடித்து, தனக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி, கணினியில் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்வதை ஒளித்தும் வைக்கிறார்கள், ‘இதுகூடத் தெரியாதா’ என்ற கேள்விக்குப் பயந்து.

பெரியவர் கைபேசியை மூன்று நாள் ஒளித்து வைத்ததும் இதே பயத்தில்தானே.

மோசடி விஷயத்தில் இந்த ஒளித்தல்தான் பணத்தைக் கொண்டுபோகிறது. ஏமாறுகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் புகார்க் கணக்கைப் பார்த்தால், பணம் இழந்ததாகச் சொல்கிறவர்களின் விகிதம் 20-களில் இருப்பவர்களிடம்தான் 70-ஐத் தாண்டியவர்களைவிட அதிகம். பெரியவர்கள் இழக்கும்போது தொகை பெரிதாக இருக்கிறது. இளையவர்கள் போலி வேலைவாய்ப்பிலும் இணைய வணிகத்திலும் மாட்டுகிறார்கள். பெரியவர்கள் ‘உங்கள் கணினியில் வைரஸ், நாங்கள் சரி செய்கிறோம்’ என்று வரும் அழைப்பில் மாட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே தந்திரம்: யோசிக்க நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்துவது. ஏமாந்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் சொன்னால் வங்கியைக் கூப்பிட்டு நிறுத்த முயற்சியாவது செய்யலாம். திட்டுவார்கள் என்று தெரிந்தால் சொல்ல மாட்டார்கள். ஆகவே, இதைப் படிக்கிற மகன்களே, மகள்களே, அப்பா அம்மா ஒரு தப்பான சுட்டியைத் தட்டிவிட்டேன் என்று வந்து சொன்னால், முதல் வார்த்தை ‘சொன்னது நல்லதாப் போச்சு’ என்று இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளிடமும் அப்படியே.

கடவுச்சொல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோட்டில் எழுதி வைக்கும் பெரியவர்களைப் பார்த்து இளையவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்த இளையவரிடமே கேட்டால், ஒரே கடவுச்சொல்லைப் பதினைந்து இடத்தில் போட்டிருப்பார். ஒரு தளத்திலிருந்து கடவுச்சொற்கள் திருடு போனால், திருடியவர்கள் அதையே மற்ற தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்; இதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பீரோவுக்குள் பூட்டியிருக்கும் நோட்டை அவர்களால் எட்ட முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இடத்துக்கு ஒரு கடவுச்சொல் வைத்து நோட்டில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். மாதாமாதம் மாற்றச் சொல்லி நச்சரிக்கும் பழைய விதியையும் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். நீளமாக இருக்கட்டும் என்பதே இப்போதைய அறிவுரை.

என் வகுப்பில் நான் மாற்றிக்கொண்டது

முன்பெல்லாம் நான் மௌஸைப் பிடுங்குவேன். “இப்படி வாங்க, பாருங்க, இதைத் தட்டி, இதைத் தட்டி, முடிஞ்சுது.” அவர்களும் தலையாட்டுவார்கள். மறுநாள் அதே கேள்வியோடு வருவார்கள். எரிச்சல் வரும். பிறகுதான் கவனித்தேன், அந்தப் பத்து நொடியில் கற்றுக்கொண்டது என் கை. அவர்கள் கை இல்லை. இப்போது சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அவர்கள் தேடட்டும், தப்பாகத் தட்டட்டும், திரும்பி வரட்டும். ஐந்து மடங்கு நேரம் ஆகும். ஆனால் ஒரு முறை தானே போய் வந்த பாதை மறப்பதில்லை. வீட்டில் பெற்றோருக்குக் கைபேசி சொல்லித் தருகிறவர்கள் இதை ஒரே ஒரு வாரம் செய்து பாருங்கள்.

பெரியவர்களுக்கு முதல் பாடமாக நான் வைத்திருப்பது தப்புச் செய்வது. ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். முழுவதையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொல்வேன். பதறுவார்கள். கன்ட்ரோல் இசட். எல்லாம் திரும்ப வரும். மறுபடி அழியுங்கள், மறுபடி கொண்டு வாருங்கள். பத்து முறை. பத்தாவது முறை வகுப்பில் பேச்சுச் சத்தம் கூடிவிடும். அதன் பிறகுதான் பாடம்.

இளையவர்களுக்கு முதல் பாடம், இடம். ஒரு ஃபைலைப் பதிவிறக்கி, அது எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கும் நகலெடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளக்க வேண்டும். திரையில் பிழைச் செய்தி வந்தால் மூடக் கூடாது. சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். சின்ன வயதிலிருந்து விளம்பரப் பெட்டிகளை மூடி மூடி அவர்கள் கை பழகிவிட்டது. எந்தப் பெட்டி வந்தாலும் படிக்கும் முன்பே மூடிவிடுகிறார்கள். பெரியவர்கள் நேர்மாறாக ஒவ்வொரு சொல்லையும் படிப்பார்கள், படித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் சில மாதங்களாக வாரம் ஒரு நாள் இரண்டு வகுப்பையும் சேர்த்து நடத்துகிறேன். ஒரு கணினிக்கு ஒரு பெரியவர், ஓர் இளையவர். விதி இரண்டு. மௌஸ் பெரியவர் கையில். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று இளையவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

முதல் வாரமே, நோட்டுப் பெரியவரையும் ஜிப் ஃபைல் பெண்ணையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அலுவலக ஃபைல்களை எல்லாம் வருடம், மாதம், வேலை என்று ஃபோல்டர் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், யோசனை பெரியவருடையது. “பேருக்கு முன்னாடி வருஷத்தைப் போடும்மா, அப்பதான் வரிசையா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ரெக்கார்டு ரூமில் செய்ததுதான்.

நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது. ‘மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது படம்’ என்று இருந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதன் கீழே, அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதிய புது வரி: ‘படம் இடம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். பூதக்கண்ணாடியைத் தட்டி, பெயரை எழுதித் தேடவும்.’ இந்த முறை ‘பயப்பட வேண்டாம்’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.